துருவும் தகடும்

டில்லியில் குடியேறிய தமிழன்பர்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால், குதுப் மினாரைக் காட்டாமல் அனுப்புவதில்லை. மினாரை அண்ணாந்து பார்த்து முடித்தபின், அருகே நிற்கும் இரும்புத் தூணின் முன்னர்ச் சிறு கூட்டம் கூடும். முன்னாளில் அத்தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கைகளைப் பின்புறமாக வளைத்துக் கோக்க முயல்வது வழக்கம். கை கோத்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. 1997இல் வேலி போட்டபின் எட்ட நின்று பார்ப்பதோடு சரி. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன், குப்தர் காலத்தில் செய்யப்பட்ட தூண் அது. ஏழு மீட்டர் உயரமும் ஆறு டன் எடையும் உள்ள அத்தூண் மழையிலும் வெயிலிலும் நின்றும் துரு தின்னாமல் இருப்பதைக் கண்டு வியவாதார் இல்லை. வியந்தபடி வெளியே வந்தால், சாலை ஓரத்தில் பத்தாண்டு வயதுடைய சரக்கு வண்டி ஒன்று நிற்கும். அதன் சக்கர வளைவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும். முன்னோர் அறிந்ததை இக்காலத்தார் மறந்துவிட்டனர் என்ற முடிவுக்கு நம்மில் பலர் அங்கேயே வந்துவிடுகிறோம்.

அம்முடிவு அவசர முடிவு. தூணின் மறைபொருளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். பழைய முறையில் கரி உலையில் உருக்காமல் எடுத்த அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாகத் தங்கியிருப்பதையும், அதன் உதவியால் மேற்புறத்தில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி நிலைத்திருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். டில்லியின் வறண்ட காற்றும் துணை நின்றது. ஆயினும் எளிய கணக்கு ஒன்றையும் நாம் போட்டுப் பார்க்க வேண்டும். தூணின் அடிப்பகுதியின் குறுக்களவு நாற்பது சென்டிமீட்டருக்கு மேல். வண்டியின் தகடோ ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. தூண் ஒரு மில்லிமீட்டரைத் துருவுக்குக் கொடுத்துவிட்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை. அதே அளவை வண்டி கொடுத்தால் ஓட்டை விழுந்துவிடும். அவ்வளவு பாஸ்பரஸ் உள்ள இரும்பை வண்டித் தகடாக்கவும் இயலாது. அது நொறுங்கும் இயல்பு உடையது. அச்சு யந்திரத்தில் அழுத்திச் சக்கர வளைவாக வளைக்கும்போதே வெடித்துவிடும்.

துரு என்பதுதான் என்ன? இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடும் இடத்தில் நிகழும் மாற்றம் அது. தாதுவிலிருந்து பெருவெப்பம் செலவிட்டுப் பிரித்தெடுத்த உலோகம், மீண்டும் தாதுவாகவே மாறத் துடிக்கிறது. அம்மாற்றத்தின்போது இரும்பின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சிறு மின்னோட்டம் பாய்கிறது. அலுவலகக் கோப்புகளில் இதற்கு ‘அரிமானம்’ என்று எழுதுவது எங்கள் மொழிபெயர்ப்பாளர் வழக்கம்; குறைசொல்ல இடமில்லாத சொல். எனினும் பட்டறைக்காரர், ‘துரு தின்றுவிட்டது’ என்று சொல்வதில் உள்ள உண்மை அச்சொல்லில் இல்லை. இரும்பைத் தின்று தான் வளர்வது துரு. தான் அழித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்வதால்தான் மேலே உள்ள வர்ணம் கொப்புளமாகப் புடைக்கிறது.

மின்னோட்டம் ஒன்று நடைபெறுகிறது என்றால், அதனைத் திருப்பிவிடவும் வழி இருக்க வேண்டும் அன்றோ? இவ்வாறு முதலில் எண்ணியவர் ஆங்கில விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி. அவர் கருதியது இரும்பை அன்று, செம்பை. பிரிட்டிஷ் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு போர்த்தியிருந்தனர். கடல்நீர் அதனை அரித்து வந்தது. செம்போடு சிறிதளவு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ இணைத்தால், அரிப்பு முழுவதையும் அச்சிறு துண்டே ஏற்றுக்கொண்டு கரையும், செம்பு தப்பும் என்று 1824இல் ராயல் சொஸைட்டியில் அவர் எடுத்துரைத்தார். சோதனையில் அவர் சொன்னது அப்படியே பலித்தது. ஆனால் அரிக்கப்படும் செம்பிலிருந்து கசிந்த நஞ்சுதான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் தடுத்து வந்தது. காப்பாற்றப்பட்ட செம்பில் அவை மண்டின. கப்பல்களின் வேகம் குன்றியது. சில ஆண்டுகளுக்குள் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. சிகிச்சை வெற்றி பெற்றும் நோயாளி நடக்க முடியாமற்போன கதை இது. டேவிக்கு ஏற்பட்ட மனவருத்தத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கருத்து மட்டும் அழியவில்லை. 1837இல் பிரான்சில் ஸொரேல் என்பவர் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். நம் வீடுகளில் குளியலறை வாளியும் கூரைத் தகரமும் இம்முறையின் வழி வந்தவையே. வர்ணத்தில் கீறல் விழுந்தால் அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தாலோ, சுற்றியுள்ள துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். 1906இல் இங்கிலாந்தில் காஸ்லெட் என்பவர் மற்றொரு வழி கண்டார். பாஸ்பாரிக் அமிலம் கலந்த நீரில் இரும்பை இட்டுக் காய்ச்சினால் அதன்மேல் படலம் ஒன்று படிந்தது. வர்ணம் பற்றிக்கொள்வதற்கு அது சிறந்த தளமாயிற்று. டில்லித் தூணில் தானே அமைந்துவிட்ட பாஸ்பரஸ் காப்புக்கு இதனைத் தூரத்து உறவு எனலாம். இன்று ஆலையிலிருந்து வெளிவரும் வண்டிக்கூடு வர்ணம் காணுமுன் இத்தகைய குளியலைப் பெறுவது வழக்கம்.

சிறு சுமைவண்டியின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1925இல் ஃபோர்டு ஆலை, தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் சிறு இரும்புத் தொட்டி ஒன்றைப் பொருத்தி 281 டாலர் விலைக்கு விற்றது. நாம் பிக்-அப் என்று அழைக்கும் இனத்தில் ஆலையிலேயே முழுமையாகச் செய்யப்பட்ட முதல் வண்டிகளுள் அது ஒன்று. உழவர்க்கும் தச்சர்க்கும் அது மாட்டுக்கும் மேலான துணையாயிற்று. அக்காலத்தில் துரு பெருங்கவலையாக இல்லை. சாலைகள் மண் சாலைகள், தகடுகள் தடித்தவை, பனிக்காலத்தில் வண்டி பெரும்பாலும் கொட்டகையிலேயே கிடக்கும்.

நிலைமையைத் தலைகீழாக்கியது உப்பு. உப்பு கலந்த நீர் எளிதில் உறைவதில்லையாதலால், சாலையில் படியும் பனிக்கட்டியை உருக்க அதனைத் தூவலாயினர். 1941-42 குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதனைப் பொது வழக்கமாகவே ஏற்றது. அவ்வாண்டு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தூவிய உப்பு சுமார் 5,000 டன். 1955இல் அது பத்து லட்சம் டன் அளவை எட்டியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு கோடி டன்னை நெருங்கிற்று. உயிர்கள் பல பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வுப்பு நீர் சக்கரங்களால் வாரி இறைக்கப்பட்டு, வண்டியின் அடியிலும் மடிப்பிலும் பொந்திலும் புகுந்து தங்கியது. உப்பு நீர் மின்னோட்டத்தை நன்கு கடத்தும்; துருவின் வேலை விரைவுபட்டது. குளிரிலிருந்து வந்த வண்டியைக் கதகதப்பான கொட்டகையில் அன்போடு நிறுத்தியவர்கள் வெப்பத்தால் அதனை மேலும் விரைவுபடுத்தினர்.

இங்கே கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூ. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் 1920களில் செய்துகாட்டிய சோதனை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பளபளப்பான இரும்புத் தகட்டின்மீது உப்பு நீரில் ஒரு துளி வைத்தார். காற்று நன்கு படும் துளியின் விளிம்பில் இரும்பு கரையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். கரைந்ததோ காற்று எளிதில் எட்டாத நடுப்பகுதி. சேறு அடைந்த மூலையும், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியும் மடிப்பும், புடைத்த வர்ணத்தின் அடிப்புறமும் ஏன் முதலில் அழிகின்றன என்பதை அத்துளி விளக்கிவிட்டது. பிக்-அப் வண்டியில் கதவுக்குக் கீழேயுள்ள உள்ளீடற்ற பெட்டி, ஓட்டுநர் அறையின் பின்மூலைகள், சக்கர வளைவின் உள்மடிப்பு, பட்டைவில் தொங்கும் கொளுவி ஆகிய இவைதாம் துருவின் பிறப்பிடங்கள். அது உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் கொப்புளமாகத் தென்படும் வேளையில் உள்ளே அதன் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

இதனை நன்கு உணர்ந்தவருள் ஒருவர் டிட்ராய்ட் நகரில் பணிபுரிந்த கர்ட் ஸீபார்ட் என்னும் பழுதுபார்ப்பவர். 1959இல் அவர் புதிய வண்டிகளின் கதவுகளிலும் பெட்டிப் பகுதிகளிலும் துளையிட்டு, உள்ளே மெழுகு போன்ற காப்புப் பொருளைப் பீச்சி, துளையை மூடும் தொழிலைத் தொடங்கினார். கனடாவில் ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் வண்டியின் உட்பொந்துகளில் எண்ணெய் பீச்சும் பழக்கம் பரவியது. வண்டி சில நாட்கள் ஒழுகிக்கொண்டு நிற்கும். பார்க்க அழகில்லை, பயன் உண்டு.

ஆலைகளும் சும்மா இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனம் வண்டிக்கூட்டையே வர்ணத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தால் பொந்துகள்தோறும் வர்ணம் படியச் செய்தது. 1976 முதல் மின்னோட்டத்தின் திசையை மாற்றிய முறை கூடுகளுக்கு வந்தது. காப்பு முன்னிலும் பன்மடங்கு உறுதிப்பட்டது. அவ்வாண்டு மாதிரிகளிலிருந்து போர்ஷே தன் வண்டிகளுக்குத் துத்தநாகம் தோய்த்த தகட்டைப் பயன்படுத்தி ஆறாண்டு உறுதிமொழி அளித்தது. 1970களின் இறுதியில் கனடா அரசும், எத்தனை ஆண்டுகளுக்குள் தகட்டில் ஓட்டை விழலாகாது என்று உற்பத்தியாளர்க்கு ஒரு நெறிமுறை வகுத்தது. துருவை ‘விதி’ என்று உடைமையாளர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கும் காலம் அதனோடு முடியத் தொடங்கியது என்பது நம் கருத்து.

முற்றிலும் முடிந்துவிடவில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. டகோமா, டண்ட்ரா பிக்-அப் வண்டிகளிலும் ஸிக்வோயா வண்டிகளிலும் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமே துருவால் அழிவதாக அமெரிக்காவில் உடைமையாளர்கள் டொயோட்டா மீது வழக்குத் தொடுத்தனர். 2016இல் நிறுவனம் சமரசத்துக்கு உடன்பட்டது. ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. செலவு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என மதிப்பிட்டனர். கதவில் ஓட்டை விழுந்தால் அழகுதான் போகும். அடிச்சட்டம் இற்றால் சக்கரத்தைப் பிடித்திருப்பது எதுவும் இல்லை.

நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் சாலைக்கு உப்புத் தூவுவதில்லை. கடல் அவ்வேலையைச் செய்கிறது. மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் மங்களூரிலும் மீன் ஏற்றும் வண்டிகளின் தொட்டியிலிருந்து வடியும் பனிக்கட்டி நீரைப் பார்த்தவர்க்கு மேலும் விளக்க வேண்டுவதில்லை. இத்துறையை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருப்பது பலர் அறியாத செய்தி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மண்டபம் கடற்கரையின் உப்புக் காற்றில் உலோகத் தகடுகளை நிறுத்தி, அவை அழியும் வேகத்தை அந்நிலையத்தார் அளந்து வந்துள்ளனர்.

வெளி மாநிலத்தில் சிறு வண்டி ஒன்றை நம்பிப் பிழைக்கும் நம்மவர் பலர். அவர்கள் பட்டறையில் ஏமாறும் இடம் ஒன்றே. ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே வர்ணம் தீட்டினால் அன்று புத்தம் புதிதாகத் தோன்றும். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ள, அடுத்த மழைக்குள் கொப்புளம் திரும்பும். இற்ற தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதே டிங்கரிங். மேற்போக்கான துருவை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, குழிகளில் எஞ்சியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் தடவித் துடைத்து, உலர்ந்தபின் அடிப்பூச்சுப் பூசவேண்டும். (உப்பு விளைத்த கேட்டை உப்புத்தாளே நீக்குவது தமிழின் விளையாட்டு.) பற்றவைத்த இடத்தின் உட்புறத்தில் பழைய வர்ணமும் துத்தநாகமும் எரிந்துபோயிருக்கும், அங்கே எண்ணெயோ மெழுகோ பீச்சாவிட்டால், பழுதுபார்த்த இடமே முதலில் போகும். இதைக் கேட்டு வாங்குவோர் அரியர், கேளாமல் செய்யும் பட்டறைகள் அதனினும் அரியவை.

இனி, அடிப்பாகத்துக்குத் தார் பூசும் வழக்கம் பற்றி. சுத்தமான, உலர்ந்த இரும்பின்மீது பூசினால் நல்லதே. துருவின் மீதே பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகும். கதவுகளின் கீழ் விளிம்பிலும் பெட்டிப் பகுதியின் அடியிலும் உள்ளே வரும் நீர் வடிவதற்கென்றே ஆலையார் சிறு துளைகள் விட்டிருப்பர். தார் பூசுவோர் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுகின்றனர். வண்டியை எடுத்துவருமுன் ஒரு கம்பியைக் கொண்டு அத்துளைகளைக் குத்தித் திறந்துவிடுவதற்குக் கால்மணி நேரம் போதும்.