மைசூர் மைன்ஸும் ஆசியானும் – ஒரு தங்கக் கணக்கு

ரொம்ப நாளாக எழுதணும் எழுதணும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். போன மாதம் மகள் கேட்ட ஒரு கேள்வி உட்கார வைத்துவிட்டது.

ஸ்கூலில் ஆசியான் பற்றி ஒரு புராஜெக்ட். சார்ட் பேப்பரில் கொடிகளை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள். முன்பு பத்து, 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் சேர்ந்த பிறகு பதினொன்று.

"அப்பா, இந்தியா ஏன் இந்த லிஸ்ட்ல இல்ல?"

"அது உறுப்பினர் இல்லம்மா. கூட்டாளி நாடு."

"அப்போ உங்க ஊருக்கும் ஆசியானுக்கும் ஒண்ணும் சம்பந்தம் இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். என் ஊர் கேஜிஎஃப். கோலார் தங்கவயல். அதிலும் மைசூர் மைன்ஸ் பக்கம், பங்காருப்பேட்டையிலிருந்து வருகிற ரயில் கடைசியாக நிற்கும் மாரிக்குப்பம். என் பிழைப்பு சிங்கப்பூரில், சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்ப்பது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. தங்கம் வழியாக உண்டு. கொஞ்சம் சுற்றுவழி, கூடவே வாருங்கள்.

நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் என்றால் மூன்று விஷயம்தான் மாறி மாறி வரும். ராஜதந்திரம், பாதுகாப்பு, வியாபாரம். எங்கள் ஊர் பிறந்ததே இப்படி ஓர் ஏற்பாட்டில்தான். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் உடையார்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் பாதுகாப்பு ஆங்கிலேயர் கையில், அதற்குப் பணம் மைசூர் கஜானாவிலிருந்து. 1831இல் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டு, 1881இல்தான் மகாராஜாவிடம் திருப்பித் தந்தார்கள். தந்தபோதும், பிரிட்டிஷ் அனுமதி இல்லாமல் வெளி அரசுகளோடு எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் தந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் மண்ணில் தங்கம். நியூசிலாந்தில் இருந்துவிட்டு வந்து பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் லாவெல் என்பவர் 1870களில் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று வரிசையாகச் சுரங்கங்கள். கார்ன்வாலிலிருந்து மேஸ்திரிகள் வந்தார்கள். மண்ணுக்குள் இறங்க வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே கரண்ட் அதற்குப் பிறகுதான்!

தங்கம் லண்டன் கம்பெனிக்கு. ராயல்டி மைசூர் அரசுக்கு. காவல் ஆங்கிலேயருக்கு. மூவருக்கும் பங்கு எழுதியிருந்தது. இறங்கி வெட்டியவனுக்கு ஒரு லைன் வீடும் ஷிப்ட் சங்கும்.

இது பழைய கதை, சுதந்திரம் வந்தபின் மாறியிருக்குமே என்பீர்கள். இங்கேதான் இரண்டாவது ஒப்பந்தம் வருகிறது. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்ற ஊரில் 44 நாடுகள் கூடி, ஐ.எம்.எஃப்.பை உருவாக்க முடிவு செய்தன. இந்தியக் குழுவில் நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆனவர். அந்த ஏற்பாட்டில் தங்கத்தின் அதிகாரபூர்வ விலை அவுன்ஸுக்கு 35 டாலர். ஓர் அவுன்ஸ் என்றால் 31 கிராமும் கொஞ்சமும்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய நிதி அமைச்சகத்துக்குப் போனது. கவனியுங்கள், சுரங்கத் துறைக்கு அல்ல, நிதிக்கு! அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இருந்த நாட்டுக்கு எங்கள் ஊர்த் தங்கம் கையிருப்பு. ஆகவே வெளியே நகைக்கடையில் என்ன விலை விற்றாலும், கேஜிஎஃப் தங்கத்தை அரசு அந்தச் சர்வதேச விலைக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டது. ஆழம் போகப் போகச் செலவு ஏறுகிறது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம், பாறை தொட்டால் சுடும். வரவு மட்டும் எங்கோ எழுதிய விலையில். அப்புறம் "நஷ்டத்தில் ஓடும் சுரங்கம்" என்ற பெயர். 1971இல் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். ஆனால் நஷ்டம் என்று ஒட்டிய பெயர் போகவில்லை. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று தனிக் கம்பெனி ஆனது.

மூன்றாவது கட்டம் 1991. அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், சில வாரங்களுக்கான இறக்குமதிக்கே பணம் தள்ளாடிய வருடம். மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு விமானத்தில் அனுப்பி, அதன் மேல் 40 கோடி டாலருக்குக் கொஞ்சம் அதிகமாகக் கடன் வாங்கினார்கள். அப்பா அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பொண்டாட்டி நகையை அடகு வெச்சா மாதிரி, நாட்டு நகையை வெச்சிட்டாங்கடா."

அடகு வைத்த கை அடுத்து என்ன செய்யும்? அக்கம்பக்கம் புதிதாக யாரோடு தொழில் செய்யலாம் என்று பார்க்கும். கூட்டாளியாக இருந்த சோவியத் யூனியனும் அந்த வருடக் கடைசியில் இல்லாமல் போனது. நரசிம்ம ராவ் அரசு கிழக்கே திரும்பியது. அதற்குப் பெயர் 'கிழக்கு நோக்கும் கொள்கை'. 1992இல் ஆசியானின் துறைவாரிக் கூட்டாளி, 1995இல் முழுக் கூட்டாளி, 1996இல் பாதுகாப்பு பேசும் ஆசியான் பிராந்திய மன்றத்தில் இடம். 2002 நவம்பரில் நாம்பென் நகரில் முதல் ஆசியான்–இந்தியா உச்சி மாநாடு.

இந்த வரிசைக்கு நடுவில் ஒரு தேதி இருக்கிறது. எந்த மாநாட்டு அறிக்கையிலும் அது வராது. 2001 பிப்ரவரி 28. கேஜிஎஃப் மூடிய நாள். நூற்றிருபது வருடத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் கொடுத்த ஊர். தங்கத்தை அடகு வைத்ததில் தொடங்கிய பயணம் மாநாட்டு மேஜைக்குப் போய்ச் சேர்வதற்கு இருபது மாதம் முன்னால் சங்கு நின்றுவிட்டது. ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று சொல்லவரவில்லை. இரண்டும் ஒரே வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்கள், அவ்வளவுதான்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். 1881க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 2003 அக்டோபர் 8, பாலி. ஒரே நாளில் இந்தியாவும் ஆசியானும் மூன்று காரியம் முடித்தன. தடையில்லா வியாபாரத்துக்கான அடிப்படை ஒப்பந்தம், தென்கிழக்கு ஆசியாவின் நட்புறவு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது, பயங்கரவாதத்துக்கு எதிரான கூட்டறிக்கை. அதே வியாபாரம், ராஜதந்திரம், பாதுகாப்பு! ஆனால் இந்த முறை யாரும் யார் தலையிலும் கட்டவில்லை. பேசினார்கள், வேண்டாததை வேண்டாம் என்றார்கள். சரக்கு ஒப்பந்தம் பேசி முடிக்கவே 2009 ஆகஸ்ட் ஆனது. 2010 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆசியான்–இந்தியா கூட்டுக் கடற்பயிற்சி முதன்முதலாக நடந்தது 2023 மே மாதம், இங்கே சிங்கப்பூரில் தொடங்கித் தென்சீனக் கடல் வரை. அதற்கு முந்தைய வருடம்தான் உறவை 'விரிவான மூலோபாயக் கூட்டாண்மை' என்று உயர்த்தியிருந்தார்கள்.

2010 முதல் என் மேஜைக்கு வந்த காகிதத்துக்குப் பெயர் ஃபார்ம் ஏஐ. (இன்றைக்கு ஏஐ என்றால் வேறு அர்த்தம். இது ஆசியான்–இந்தியா!) ஒரு சரக்கு எங்கே பிறந்தது என்று சொல்லும் சான்றிதழ். இது இருந்தால்தான் வரிச்சலுகை. பொதுவான விதி, மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உண்டாகியிருக்க வேண்டும், மூலப்பொருள் வேறொரு பொருளாகவும் மாறியிருக்க வேண்டும். எங்கிருந்தோ வாங்கி லேபிள் மாற்றி அனுப்பினால் செல்லாது.

இதிலும் தங்கம் விளையாடியது. 2022 ஜூலையில் இந்தியா தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதமாக உயர்த்தியது. ஒப்பந்தப்படி ஆசியான் நாட்டு நகைக்கோ வரிச்சலுகை. விளைவு? இந்தோனேசியாவிலிருந்து கல் பதிக்காத தங்க நகைகள் குவிந்தன. 2023 ஜூலையில் இந்திய அரசு அப்படிப்பட்ட நகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. பிறப்பிடச் சான்றைச் சுங்கத்துறை துருவிப் பார்க்கும் விதிகள் 2020 செப்டம்பரிலேயே வந்துவிட்டன. 2022–23இல் இருபக்க வியாபாரம் சுமார் 131 பில்லியன் டாலர். அதில் இந்தியா வாங்கியது விற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யும் பேச்சு. கையெழுத்துப் போட்டவர்களுக்குத் திரும்ப உட்கார்ந்து பேசும் உரிமை இருக்கிறது. அந்தக் காலத்து மைசூருக்கு இல்லாதது அதுதான்.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாவிடம் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, மண்ணுலேர்ந்து வெட்டி எடுத்த தங்கத்துக்கு எத்தினி பர்சென்ட்?"

"அதுக்கு பர்சென்ட் கணக்கே இல்லப்பா. பூமியிலேர்ந்து எடுத்தா 'முழுக்க அந்த நாட்டிலேயே கிடைச்சது'ன்னு போட்டுருவாங்க. நூத்துக்கு நூறு."

"அந்த ஃபார்ம்ல வெட்டுனவன் பேரு வருமா?"

"வராதுப்பா. ஏற்றுமதி பண்றவங்க பேருதான்."

சிரித்தார். "லண்டன் காரன் பில்லுலயும் வரல."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பொருளுக்குப் பிறப்பிடம் பார்க்க இத்தனை விதி. எங்களுக்கு எந்த ஃபார்ம்? கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டுக்காரர். தாத்தாவும் அப்பாவும் மைசூர் மைன்ஸ். நான் ஸ்கூலில் கன்னடம் படித்தேன், தெருவில் தெலுங்கு பேசினேன், வீட்டில் தமிழ். பெங்களூரில் "தமிழ்நாடா?" என்றார்கள். சென்னையில் "கர்நாடகாவா?" என்றார்கள். இங்கே "இந்தியாவா?" என்கிறார்கள். கேஜிஎஃப் என்றால் 2018க்குப் பிறகு எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. முப்பத்தைந்து சதவீதம் எந்த ஊருக்கும் தேறாது போலிருக்கிறது!

ஆனால் யோசித்துப் பார்த்தால், என்னைப் போன்றவர்கள் இங்கே வந்ததும் ஒரு வகையில் அந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். இந்தியா–சிங்கப்பூர் விரிவான பொருளாதார ஒப்பந்தம் 2005. அடுத்த வருடம் நான் விமானம் ஏறினேன். ஆசியானோடு சேவைகளுக்கான ஒப்பந்தம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. மண்ணுக்கடியில் இறங்கிய குடும்பம், மூன்று தலைமுறை கழித்து, மண்ணிலிருந்து எடுத்ததற்குச் சான்றிதழ் சரிபார்க்கிறது. இது முன்னேற்றம்தான், மறுக்க மாட்டேன். ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு புலம்பினால் தாத்தா அடிப்பார். அவர் நெஞ்சில் பாறைத்தூசு. எனக்கு வருவதெல்லாம் கழுத்துவலி.

நாடுகள் கையெழுத்துப் போடட்டும். போடவேண்டும். தனியாக நின்றால் என்ன ஆகும் என்று 1991இல் பார்த்தோம். பொருளின் பிறப்பிடத்தை அந்தக் காகிதங்கள் பார்த்துக்கொள்ளும். ஆளின் பிறப்பிடத்தை யாரும் எழுதிவைக்க மாட்டார்கள், அதை நாம்தான் பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும். மலையகத் தேயிலையாகட்டும், மலேயா ரப்பராகட்டும், எங்கள் தங்கமாகட்டும், ஏறிப்போன சரக்குக்கெல்லாம் பில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

மகளின் சார்ட்டில் கடைசியாக இந்தியக் கொடியைத் தனியாக ஒட்டி, 'கூட்டாளி நாடு' என்று எழுதினாள். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. "இங்க உங்க ஊர் பேரு எழுதட்டுமா?" என்றாள்.

எழுது என்றேன். மைசூர் மைன்ஸ், மாரிக்குப்பம். தமிழிலேயே எழுதினாள். 'ரி'யில் ஒரு சின்னத் தப்பு, திருத்தவில்லை. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.