எண்ணப்படாத 31 ஆண்டுகள்

முள்ளியவளையில் படித்த நாம் எல்லோரும் காலைதோறும் எண்ணப்பட்டவர்கள். வகுப்பாசிரியை இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவார். வராதவள் ஏன் வரவில்லை என்ற விசாரிப்பு அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போய்விடும். ஒரு நாடு தன் மக்களை எண்ணுவதும் இதற்காகத்தான்.

இலங்கையின் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. அக்காலத்தில் பெண்களை விட ஆண்களின் தொகை வெகுவாகக் கூடியிருந்தது. தோட்டங்களுக்கு ஆண் தொழிலாளர் வந்தது ஒரு காரணம். பிள்ளைப்பேற்றிலும் காய்ச்சலிலும் பெண்கள் அதிகமாக மாண்டது மற்றொன்று. 1940களின் பிற்பகுதியில் மலேரியா அடங்கியது. மருத்துவிச்சியும் பள்ளிக்கூடமும் ஊர்களை எட்டின. நிலை மாறியது. 100 பெண்களுக்கு 1981இல் 104 ஆண்கள். 2012இல் 94 பேர்.

பிள்ளைகளின் கணக்கு வேறு. இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கும். இந்தியாவில் 2011இல், ஏழு வயது நிரம்பாத 1,000 ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் 920க்கும் குறைவு. கருவிலேயே பெண்ணைத் தவிர்த்ததை அந்த எண் காட்டிக்கொடுத்தது. இலங்கையில் அத்தகைய குறைவு இல்லை என்பது எமக்குப் பெருமையே. ஆனால் எண்ணிப் பார்த்தால் அல்லவா எதையும் சொல்லலாம்?

முல்லைத்தீவு மாவட்டம் 1981இல் எண்ணப்பட்டபோது ஏறத்தாழ 77,000 பேர் இருந்தனர். 1991இல் நாட்டில் மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே அது முழுமை பெற்றது. எமது மாவட்டம் அவற்றுள் இல்லை. அடுத்த முழு எண்ணிக்கை 2012இல்: ஏறத்தாழ 92,000. இடையில் போன 31 ஆண்டுகளில் பிறந்து, படித்து, மாண்டுபோன பிள்ளைகள் எந்த மதிப்பீட்டிலும் ஏறவில்லை.

எண் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை 2009 காட்டியது. போருக்குள் அகப்பட்டிருப்போர் 70,000 முதல் 100,000 வரை என அவ்வாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் சொன்னது. முடிவில் முகாம்களுக்கு வந்தவர்களே 280,000 வரை. சோறும் மருந்தும் ஆட்கணக்குப் பார்த்தே அனுப்பப்படுபவை. மாண்டவர் தொகை பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை.

எமது பழைய இடாப்புகளும் இடப்பெயர்வில் போய்விட்டன. ஆகவே எங்கிருந்தாலும், சகோதரிகளே, உங்கள் வகுப்பில் இருந்தவர்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதி அனுப்புங்கள். இல்லாதவர்களின் பெயர்களையும் விடாதீர்கள். கூப்பிட ஒரு பெயர் இருந்தால்தான், ஏன் வரவில்லை என்று கேட்க முடியும்.