ஓய்வுபெற்ற போர்க்கலங்களும் வரலாற்று நினைவும்

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1914 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காலந்தொட்டு, செட்டிகுளம் கப்பலுக்குப் போகும் வழியில் அமைந்த ஊராகியது. கடலைக் காணாத ஊர் அது. குளமும் வயலும் காடுமே அதன் எல்லைகள். ஆயினும் போர்க்கப்பலும் போர்விமானமும் அவ்வட்டாரத்துக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல. இரண்டாம் உலகப் போரின்போது வவுனியாவில் விமானத்தளம் ஒன்று அமைக்கப்பட்டது. கப்பல்களைத் தாக்கவல்ல போபோட் விமானங்களைக் கொண்ட பிரித்தானிய விமானப்படை அணிகள் அங்கு நிலைகொண்டிருந்தன. அவ்விமானங்களுள் ஒன்றையேனும் இன்று வன்னியிற் காண்பதற்கில்லை. பழைய போர்க்கலங்களைக் காண விரும்பும் வன்னி மாணவன் இரத்மலானைக்கோ கடல் கடந்து விசாகப்பட்டினத்துக்கோ செல்லவேண்டியவனாகின்றான். இக்கலங்களுள் எவை பேணப்படுகின்றன, எவை அழிய விடப்படுகின்றன என்பது வரலாற்று மாணவர் சிந்திக்கவேண்டிய வினாவாகும்.

இலங்கைக் கடலில் நிகழ்ந்த பெரும் போர் 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்துக்குரியது. நகுமோ தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் வந்த யப்பானியக் கடற்படை ஏப்பிரல் 5 ஆம் திகதி கொழும்பையும் 9 ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கிற்று. தாக்குதல் வருமென அறிந்து முதல்நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்களின் கண்ணிற் பட்டது. அப்பொழுது அதில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை. விமானமற்ற விமானந்தாங்கி, கூரையில்லாத வீட்டைப் போன்றது. சிறிது நேரத்துள் அது மூழ்கிற்று. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உடன்சென்ற வம்பயர் என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் தப்பவில்லை. உயிர் பிழைத்த பலரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டெடுத்தது.

விமானந்தாங்கியாகவே திட்டமிடப்பட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல் ஹேர்மிஸ் என்பர். எனினும் அதன் வேலை தாமதமுற, யப்பானின் ஹோஷோ 1922 இலேயே சேவைக்கு வந்து முந்திக்கொண்டது. அத்தொழிலை விரைந்து கற்றுக்கொண்ட நாட்டின் விமானங்களே ஹேர்மிசை அழித்தன. அழித்த ஐந்து கப்பல்களும் நிலைத்தனவோவெனின், அதுவுமில்லை. மூன்று அவ்வாண்டு யூன் மாதத்திலேயே மிட்வேப் போரில் மூழ்கின. ஏனைய இரண்டும் 1944 இல் மூழ்கின. ஆகவே அப்போரின் பெருங்கலங்களைக் காணக்கூடிய ‘நூதனசாலை’ கடலின் அடித்தளமே. ஹேர்மிஸ் ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்திற் கிடக்கின்றது. பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கன்றி அங்கு எவர்க்கும் அனுமதியில்லை; அனுமதிச்சீட்டு விற்போரும் இல்லை.

தரையில் நின்று காணத்தக்கது இரத்மலானை விமானப்படை நூதனசாலையாகும். இது தற்போதைய வடிவில் 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1951 இல் தோன்றிய இலங்கை விமானப்படையின் தொடக்ககாலப் பயிற்சி விமானமான சிப்மங் முதல் ஜெற் விமானங்கள் வரை அங்கு காணலாம். இவற்றுள் ஜெற் புறொவோஸ்ற் விமானத்தின் கதை கவனத்துக்குரியது. பாவனையினின்றும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அவ்விமானங்கள் 1971 ஏப்பிரற் கிளர்ச்சியின்போது மீண்டும் வெளியே எடுக்கப்பட்டன. வெளிப்பகைவனுக்கென வாங்கிய கருவி முதலில் உள்நாட்டு இளைஞர்மீதே பிரயோகிக்கப்பட்டது. மெருகிட்டு நிறுத்தப்பட்ட உலோகத்தை மாத்திரம் நோக்குபவனுக்கு இச்செய்தி எளிதிற் புலப்படாது.

விசாகப்பட்டினக் கடற்கரையில் இதனினும் தெளிவான பாடம் உண்டு. சோவியத் ஒன்றியத்திற் கட்டப்பட்டு 1969 இல் இந்தியக் கடற்படையிற் சேர்ந்த குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பல் 2001 இல் ஓய்வுபெற்றது; 2002 இல் கரைக்கு இழுத்து நிறுத்தப்பட்டு மக்கள் பார்வைக்குத் திறந்து விடப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூற்றொரு மீற்றர் நீளமுள்ள அதனுள்ளே நுழைபவர் ஒருவர்பின் ஒருவராகவே செல்ல முடியும். வட்டவாயில்களில் தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கிக் கடக்கவேண்டும். ஏறத்தாழ எழுபத்தைந்து பேர், குழாய்களுக்கும் பொறிகளுக்கும் ரோப்பிடோக்களுக்கும் இடையிலே உண்டு உறங்கினர் என்பதை நூல்கள் கூறுவதனினும் அந்த இடுக்கு நன்கு உணர்த்துகின்றது. அதன் எதிரே 2017 இல் திறக்கப்பட்ட நூதனசாலையில், ரு-142 என்னும் பெரிய கடற்கண்காணிப்பு விமானம் வைக்கப்பட்டுள்ளது. நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதற்கென அமைந்த விமானமும் நீர்மூழ்கியும் இவ்வாறு ஒரே வீதியின் இருமருங்கும் அயலவர்களாக இருப்பது விந்தையே.

அக்கரைக்கு அண்மையிலேதான் 1971 டிசெம்பரில் பாகிஸ்தானின் காசி என்னும் நீர்மூழ்கி தன் மாலுமிகள் அனைவருடனும் மூழ்கிற்று. தமது கப்பலொன்றின் தாக்குதலே காரணம் என்பது இந்தியத் தரப்பின் கூற்று. உள்ளே நிகழ்ந்த வெடிப்போ கண்ணிவெடியோ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. கரையில் எழுப்பப்பட்ட வெற்றிச் சின்னம் முதலாவது கூற்றையே கல்லிற் பொறித்து நிற்கின்றது. நினைவுச் சின்னத்தைச் சான்றாகக் கொள்ளும் மாணவன், அதனை எழுப்பியவர் யார் என முதலில் வினவுதல் வேண்டும்.

எல்லாக் கலங்களுக்கும் குர்சுராவின் பேறு கிட்டவில்லை. 1961 இல் சேவையிற் சேர்ந்து 1971 ஆம் ஆண்டுப் போரிற் பங்குகொண்ட விக்கிராந்த் என்னும் விமானந்தாங்கி, 1997 இல் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் மும்பாயில் நூதனசாலையாக இருந்தது. பராமரிப்புச் செலவைத் தாங்குவாரின்றி 2014 இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அதன் இரும்பு மோட்டார்ச் சைக்கிளாக மறுபிறவி எடுத்ததும் உண்டு. மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய கப்பலின் பெயரைத் தாங்கிய பிந்திய ஹேர்மிஸ், 1982 இல் போக்லண்ட் போருக்குச் சென்று, 1987 இல் விராட் எனப் பெயர்மாறி இந்தியாவுக்கு வந்தது. 2017 இல் ஓய்வுபெற்ற அதனை நூதனசாலையாக்கும் யோசனைகள் பல எழுந்தும் கைகூடவில்லை. 2020 இல் குஜராத்தின் அலாங் கரைக்கு அது இழுத்துச் செல்லப்பட்டது. போரில் மூழ்கிய ஹேர்மிஸ் இன்றும் உருக்கொண்டு கிடக்க, போரிற் பிழைத்த ஹேர்மிஸ் உருவழிந்தது.

இனி வன்னிக்கு மீள்வோம். போர் முடிந்த பின் புதுக்குடியிருப்பில் விடுதலைப்புலிகளின் படகுகளும் நீரடிக் கலங்களும் படையினராற் காட்சிக்கு வைக்கப்பட்டன. தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் மக்கள் வந்து பார்த்தனர். தோற்றோரின் கலங்களை வென்றோர் காட்சிப்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கமே. ஆயின் அங்கு வைக்கப்பட்ட விளக்கப்பலகைகளில் அப்பிரதேச மக்களின் கதை இடம்பெறவில்லை. 2006 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தட்டிய பரா 3 என்னும் யோர்தானியக் கப்பலும் அவ்வாறே சில காலம் காட்சிப்பொருளாயிற்று. அரிசி ஏற்றி வந்த வணிகக்கப்பல் அது; போரில் அகப்பட்டுப் போர்ச்சின்னமாகிப் பின்னர் பழைய இரும்பாயிற்று.

செட்டிகுளம் பிரிவின் மெனிக் பாம் முகாம்களில் 2009 ஆம் ஆண்டு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்தனர். 2012 செப்டெம்பரில் இறுதிக் குடும்பங்களும் வெளியேற்றப்பட, முகாம் மூடப்பட்டது. ஒரு விமானத்தையோ படகையோ போலப் பீடத்தில் ஏற்றி வைக்கக்கூடிய பொருள் எதுவும் அங்கு இருக்கவில்லை. கூடாரத் துணியும் தகரமும் கம்பிவேலியும் அகற்றப்பட்டன. நிவாரண அட்டையும் தண்ணீர்க் கலனும் எஞ்சியிருப்பின், மீளக்குடியேறியோரின் வீட்டுப் பெட்டிகளிலேயே எஞ்சியிருக்கும்.