சட்டகத்துக்குள் யார்? காட்சி அமைப்பும் எங்கள் படங்களும்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் எங்களைப் பற்றி வெளிவந்த ஒளிப்படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் சில காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். மிக அருகில் எடுக்கப்பட்ட, அழும் தாயின் முகம். முட்கம்பிக்குப் பின்னால் நிற்கும் சிறுவன். வானத்திலிருந்து எடுத்த கூடார வரிசைகள். பிள்ளைகளின் படங்களைப் பிடித்தபடி வீதியோரம் அமர்ந்திருக்கும் பெண்கள். இவை எல்லாம் நடந்தவைதான். ஆனாலும் கமரா எங்கே நிற்க வேண்டும், எது உள்ளே வர வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்பதை ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானங்களின் தொகுப்பைத்தான் காட்சி அமைப்பு என்கிறோம்.

ஊடகக் கற்கைநெறியில் சமநிலை, வேறுபாடு, அழுத்தம், திரும்பல், வெற்றிடம் என்று இதன் கூறுகளைப் படித்தோம். ஓவியருக்கும் வடிவமைப்பாளருக்கும் உரிய விடயங்கள் போல அவை தோன்றலாம். செய்திக்காகப் போராட்டக் கொட்டகைகளுக்கும் நினைவேந்தல்களுக்கும் போகத் தொடங்கிய பின்னர், ஒரு மனிதரைச் சாட்சியாகக் காட்டுவதா பரிதாபப் பொருளாகக் காட்டுவதா என்பதையும் இவையே தீர்மானிக்கின்றன என்று கண்டேன். கைத்தொலைபேசி வைத்திருக்கும் எல்லோரும் படம் எடுக்கும் காலம் இது. அதனால் இந்தக் கூறுகளை உதாரணங்களோடு இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சட்டகம்: எது உள்ளே, எது வெளியே

படத்தின் நான்கு ஓரங்கள்தான் முதல் தீர்மானம். 1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் திராங் பாங் கிராமத்தில் நேபாம் குண்டு வீச்சிலிருந்து தப்பி வீதியில் ஓடிவரும் குழந்தைகளின் படம் உலகமே அறிந்தது. பத்திரிகைகளில் பரவலாக வெளிவந்த வடிவத்தில் அதன் வலது ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. முழுப் படத்தில் அந்த ஓரத்தில், தன் கமராவில் கவனமாக இருக்கும் ஒருவர் தெரிகிறார். வெட்டிய படத்தில் எங்கள் கண் நேரே குழந்தைகளிடம் போகிறது. வெட்டாத படத்தில் இன்னொரு கேள்வியும் எழுகிறது: அந்த நேரத்தில் அருகில் நின்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இரண்டும் ஒரே கணம், ஒரே படச்சுருள். ஓரம் மாறியதும் பொருள் மாறிவிட்டது. ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஓரத்துக்கு அப்பால் என்ன இருந்திருக்கும் என்று கேட்டுப் பழகுவது நல்லது.

கமராவின் உயரமும் திரும்பலும்

ஒரே வடிவம் பல தடவை வரும்போது கண்ணுக்கு அது ஒரு கோலமாகத் தெரியும். இதைத் திரும்பல் என்பார்கள். சேலை வடிவமைப்பில் அது அழகு. செய்திப் படத்தில் அதற்கு வேறு விளைவு உண்டு.

2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களின் வான்வழிப் படங்கள் உலகெங்கும் வெளியாகின. வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். எத்தனை பெரிய கூட்டம் அடைக்கப்பட்டிருந்தது என்பதை அந்த உயரத்திலிருந்துதான் காட்ட முடிந்தது. அந்த வகையில் அவை முக்கியமான ஆதாரங்கள். ஆனால் அதே உயரம் முகங்களை எடுத்துவிட்டது. தண்ணீர் வரிசையும் கூடாரத்துக்குள் இருந்த வெக்கையும் அந்தக் கோலத்துக்குள் இல்லை. அளவைச் சொல்ல மேலிருந்து ஒரு படம் வேண்டும், வாழ்வைச் சொல்லக் கண்மட்டத்தில் இன்னொரு படம் வேண்டும். ஒன்று மட்டும் வெளிவந்தால் பாதிக் கதைதான் வெளிவருகிறது.

தரையில் இருப்பவரை நின்றபடி எடுக்கும்போதும் இதுதான் நடக்கிறது. மேலிருந்து பார்க்கும் கமரா அவரைச் சிறியவராக்கும். அவர் அமர்ந்திருந்தால் நாமும் அமர்ந்து எடுத்தால், பார்ப்பவர் அவரோடு நேருக்கு நேர் இருப்பார்.

கண்ணின் பாதை

ஒரு படத்தில் கண் முதலில் எங்கே போகிறதோ அதுவே அதன் அழுத்தப் புள்ளி. முகம், வெளிச்சமான இடம், கூர்மையாகத் தெரியும் பொருள் ஆகியவை கண்ணை இழுக்கும். படத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடங்களில் முக்கியமானதை வைக்கும் முறை பலருக்குத் தெரிந்தது. கைத்தொலைபேசித் திரையில் வரும் கட்டக் கோடுகள் அதற்குத்தான். ஆங்கிலேயரான ஜோன் தோமஸ் ஸ்மித் 1797 இல் நிலக்காட்சி ஓவியம் பற்றி எழுதியபோது இந்த மூன்றில் ஒரு பங்கு முறைக்குப் பெயரிட்டார். அது ஒரு வழிகாட்டிதான், கட்டளை அல்ல.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அத்தகைய இடங்களில் எடுக்கப்படும் படங்களில் இரண்டு முகங்கள் இருக்கின்றன: தாயின் முகம், அவர் கையிலுள்ள படத்தின் முகம். பெரும்பாலான படப்பிடிப்பாளர்கள் தாயின் கண்ணீரைக் கூர்மையாக எடுப்பார்கள். பிள்ளையின் படம் பின்னணியில் மங்கிப்போகும். ஆனால் கமராவைக் கண்டதும் தாய்மார் பலர் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். தங்கள் முகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பிள்ளையின் படத்தைக் கமராவின் பக்கம் சற்றுத் திருப்பிப் பிடிப்பார்கள். கண்ணாடிச் சட்டத்தில் வெயில் தெறித்தால் கொஞ்சம் கீழே சரிப்பார்கள். எது அழுத்தப் புள்ளி என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். எடுப்பவர் அதைக் கேட்டு, இரு முகங்களும் தெளிவாகத் தெரியும்படி எடுக்க வேண்டும்.

ஒளியும் இருளும்

வேறுபாடு என்றால் எதிரெதிரானவற்றை அருகருகே வைப்பது. பிக்காசோவின் கெர்னிக்கா ஓவியம் இதற்குச் சிறந்த உதாரணம். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிக்கா நகர் மீது ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. அதே ஆண்டில் பிக்காசோ ஏறக்குறைய மூன்றரை மீற்றர் உயரமும் 7.8 மீற்றர் அகலமும் கொண்ட இந்த ஓவியத்தை வரைந்தார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகியவை மட்டுமே நிறங்கள். நடுவே பெரிய முக்கோணம், அதன் உச்சியில் விளக்கு. இடது ஓரத்தில் இறந்த குழந்தையை ஏந்தி வானத்தைப் பார்த்து அலறும் தாய். வலது ஓரத்தில் தீக்குள் கைகளை உயர்த்திய உருவம். சிதறிய உடல்கள் பார்ப்பவரைக் குழப்பாமல் அந்த முக்கோணம் தாங்கிப் பிடிக்கிறது.

ஓவியத்தில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. பாதிக்கப்பட்டோர் மட்டுமே இருக்கிறார்கள். 2003 பெப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கொலின் பவல் ஈராக் விவகாரம் பற்றிப் பேச ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது, சபை வாசலில் தொங்கிய இதன் நெசவுப் பிரதி நீலத் திரையால் மூடப்பட்டது. போரைப் பற்றிப் பேசுபவரின் பின்னால் எந்தப் படம் தெரிய வேண்டும் என்பதும் காட்சி அமைப்புத்தான்.

நிற்கும் கோடு, கிடக்கும் கோடு, வெற்றிடம்

நிலைக்குத்தான கோடு நிற்பவரையும் கிடையான கோடு உறங்குபவரையும் இறந்தவரையும் நினைவூட்டும். 1983 செப்டெம்பர் 21 அன்று ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில், இராணுவ ஆட்சி காணாமல் ஆக்கியவர்களுக்காக ஆளுயர நிழலுருவங்களைக் கடதாசியில் வரைந்து நகரெங்கும் ஒட்டினார்கள். வெளிக்கோடு மட்டும், உள்ளே வெறுமை. அந்த வெற்றிடமே இல்லாதவரைக் காட்டியது. நிலத்தில் வரையக்கூடாது, சுவரில் நின்ற நிலையில் ஒட்ட வேண்டும் என்பது பிளாசா டி மாயோ தாய்மாரின் நிபந்தனை. நிலத்தில் வரைந்தால் அது பிணத்தின் வெளிக்கோடு ஆகிவிடும். அவர்கள் கேட்டதோ பிள்ளைகளை உயிருடன்.

எங்களுக்கு இது விளங்காத மொழி அல்ல. எங்கள் வீடுகளில் மாலையும் பொட்டும் விளக்கும் ஏறிய படம் யாருடையது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் மாலையில்லாமல் கையில் ஏந்தப்படுவதன் பொருளும் அதனால்தான் எங்களுக்குச் சட்டென்று விளங்குகிறது.

பாரமும் அளவும்

கிளிநொச்சி நகரில் உள்ள போர் வெற்றிச் சின்னம் ஒரு பெரிய கொங்கிறீற் கனசதுரம். எறிகணை துளைத்து அது வெடித்திருக்கிறது, உச்சியில் தாமரை மலர்கிறது. பார்ப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். அதில் இறந்த பொதுமக்களுக்கு இடமில்லை.

வாஷிங்டனில் 1982 இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச்சின்னம், மாணவியாக இருந்த மாயா லின் வடிவமைத்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 75 மீற்றர் நீளமான இரண்டு கறுப்புக் கருங்கற் சுவர்கள் நிலத்துக்குள் இறங்கிச் சந்திக்கின்றன. 58,000 இற்கும் அதிகமான அமெரிக்கப் படையினரின் பெயர்கள், பதவி வரிசையில் இல்லாமல் இழப்பு நேர்ந்த நாள் வரிசையில் உள்ளன. பளபளப்பான கல்லில் பெயர்களோடு பார்ப்பவரின் முகமும் தெரியும். அங்கும் இறந்த வியட்நாமியரின் பெயர்கள் இல்லை. சட்டகத்தின் கேள்வி கல்லிலும் தொடர்கிறது.

யாழ். பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் அமைக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியில் கைகள் மேல்நோக்கி எழுகின்றன. சிறிய சின்னம்தான். அதன் கோடுகள் கீழிருந்து மேலே போகின்றன, கனசதுரத்தின் பாரம் அதற்கு இல்லை.

நாங்கள் எடுக்கும்போது

முதலில், வீட்டிலுள்ள பழைய படங்கள். பலரிடம் எஞ்சியிருப்பது அடையாள அட்டைப் படம் அல்லது கலியாணக் கூட்டப் படத்தில் ஒரு முகம் மட்டுமே. அந்த முகத்தை வெட்டிப் பெருப்பிக்க முன்னர் முழுப் படத்தையும் நகலெடுத்து வையுங்கள். அருகிலிருக்கும் தோள், பின்சுவர், பின்பக்க எழுத்து எல்லாம் நாளைக்கு ஆதாரமாகலாம். யன்னலோர வெளிச்சத்தில் படத்தை மட்டமாக வைத்து, பிளாஷ் போடாமல், தொலைபேசியை அதற்கு நேர் மேலே பிடித்து, நான்கு ஓரங்களும் தெரிய எடுங்கள். பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள்.

போராட்ட இடத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். அருகிலிருந்து ஒன்று எடுத்தால், இடமும் நாட்கணக்குப் பலகையும் தெரிய அகலமாக இன்னொன்றும் எடுங்கள். சம்மதிக்காதவரின் முகம், வாகன இலக்கம், வீட்டு வாசல் ஆகியவை பதிவானால் வெளியிட முன்னர் அவற்றை நீக்குங்கள். வெட்டுவது சில நேரங்களில் மறைப்பு, சில நேரங்களில் பாதுகாப்பு. வெட்டாத மூலத்தை மட்டும் அழிக்க வேண்டாம்.

மே 18 அன்று முகநூலுக்குப் பதாகை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறந்தவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் ஒரே தீபத்தின் கீழ் அடுக்குவது வடிவமைப்புக்கு இலகு. ஆனால் ஒரு முகத்தின் கீழே சுடரை வைப்பது அவருடைய கதையை முடித்துவைப்பது. அதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.