பார்கின்சன் நோயும் மனச்சோர்வும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயை இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817-ல் விரிவாகப் பதிவு செய்தார். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதே இதன் அடிப்படை. கை நடுக்கம், தசை இறுக்கம், நடைத் தளர்ச்சி ஆகியவை எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரியாமல் உடன் வருவது மனச்சோர்வு. நோயாளிகளில் பத்தில் மூன்று, நான்கு பேருக்கு இதன் அறிகுறிகள் காணப்படுகின்றன.

நோய் வந்துவிட்டதே என்ற கவலை மட்டும் இதற்குக் காரணமல்ல. மனநிலையைச் சீராக வைக்கும் செரோடோனின், நார்அட்ரினலின் ஆகியவையும் இந்நோயில் குறைகின்றன. சிலருக்கு நடுக்கம் தொடங்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே மனச்சோர்வு வந்துவிடுகிறது. எனவே இதை ஈமானின் பலவீனம் என்றோ, முதுமை என்றோ ஒதுக்கிவிடக் கூடாது.

பெரம்பலூர் மாவட்டத்தின் வி.களத்தூர், லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் பல பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து வீடியோ காலில்தான் பெற்றோரைப் பார்க்கிறார்கள். இந்நோயில் முகத்தசை இறுகிச் சிரிப்பு மறையும், குரலும் தாழும். “அத்தா கோபமாக இருக்கிறார்” என்று தோன்றும். முகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், தூக்கம், பசி, பேச்சில் ஆர்வம் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் குறைந்திருந்தாலோ, “உங்களுக்கு நான் பாரம்” என்று சொன்னாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை, மனநல ஆலோசனை, தினசரி உடற்பயிற்சி ஆகியவை பலன் தரும். செலிஜிலின், ராசாஜிலின் மாத்திரை எடுப்பவர்கள் அதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; சில மனச்சோர்வு மருந்துகள் அவற்றுடன் சேராது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. ரமலானில் நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெரம்பலூர் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலும் முதலில் அணுகலாம். ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு 1984-ல், 42 வயதில் இந்நோய் கண்டறியப்பட்டது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை நடுங்கும் கைகளால் ஏற்றினார். 2016 வரை வாழ்ந்தார். நோயோடு வாழும் ஆண்டுகள் நீளமானவை. அவை இருளில் கழியாமல் இருக்க, நடுக்கத்துக்குச் செய்யும் சிகிச்சையை மனதுக்கும் செய்ய வேண்டும்.