சுவரொட்டியும் மனுஷ அங்காதிபாதமும்

போன தடவை ஊருக்குப் போனப்ப அப்பத்தாவுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுக்க வேண்டியதாப் போச்சு. தேவாரத்திலிருந்து தேனிக்கு பஸ். ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம், முழுக்க முழுக்க இங்கிலீஷ். ஸ்கேன் எடுத்தவர் "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். டாக்டர் "மாத்திரை எழுதியிருக்கேன், ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். பஸ் போடியைத் தாண்டும்போது அப்பத்தா கேட்டுச்சு: "ஏய்யா, உள்ள என்னதான் இருக்காம்?"

"மண்ணீரல் லேசா வீங்கியிருக்காம் அப்பத்தா."

ஒண்ணும் புரியாத பார்வை. "ஆட்டுல சுவரொட்டிம்பாங்கள்ல, அதுதான்" என்றேன்.

"அடடே, அதா! இடப்பக்கம் விலாவுக்குள்ள ஒட்டிக்கிட்டுக் கெடக்குமே, கருஞ்செவப்பா!"

பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காத கிழவி சொன்னது அச்சு அசல் உடற்கூறியல். மண்ணீரல் இடப்பக்கம் 9, 10, 11ம் விலா எலும்புகளுக்கு உள்ளே, இரைப்பைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. மருத்துவ மாணவர்கள் இதை ஒற்றைப்படை எண்களாக மனப்பாடம் செய்வார்கள்: 1 அங்குலத் தடிமன், 3 அங்குல அகலம், 5 அங்குல நீளம், 7 அவுன்ஸ் எடை, 9லிருந்து 11ம் விலா வரை. நம்ம ஊரில் ரத்தம் குறைஞ்சவங்களுக்கு சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுப்பது வழக்கம். அதனால் அதன் நிறம், இடம், பிசுபிசுப்பு எல்லாம் பெண்களுக்கு அத்துப்படி.

யோசிச்சுப் பார்த்தா கறிக்கடைதான் தமிழனின் முதல் அனாடமி லேப். ஈரல், குடல், போட்டி, சுவரொட்டி, குண்டிக்காய் (அதாங்க, கிட்னி) என்று வயிற்றுக்குள் இருப்பதில் பாதிக்குப் பெயர் அங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காதது கணையம். இரைப்பைக்குப் பின்னால், முதுகுப் பக்கமாக ஒளிஞ்சு கிடக்கிற உறுப்பு அது. சிறுகுடலின் முதல் பகுதி இங்கிலீஷ் 'சி' எழுத்து மாதிரி வளைந்து அதன் தலையைக் கட்டிப் பிடித்திருக்கும். கடைக்காரர் அதைத் தனியா எடுத்து வைப்பதில்லை, யாரும் கேட்டு வாங்குவதும் இல்லை. அதனால்தான் தெருவுக்கு நாலு பேர் 'சுகர்' மாத்திரை போடுகிற ஊரில், அந்த சுகருக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் வராது.

நிற்க. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் படம் போட்டு, பெயர் வைத்து, தமிழில் பாடமாகவே யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருக்கிறார்கள். அதுவும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே. ஆனா இடம் மதுரையோ சென்னையோ இல்லை, கடல் தாண்டி யாழ்ப்பாணம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் (ஈழத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள்) 1822ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் அனுப்பிய மருத்துவராக 1847ல் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 25. வந்த அடுத்த வருஷமே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஆஸ்பத்திரி மானிப்பாயில். முதலில் பாடம் நடந்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் மனுஷனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு உறுத்தல். நோயாளி பேசுவது தமிழ், வைத்தியன் வீட்டில் பேசுவது தமிழ், நடுவில் படிப்பு மட்டும் எதுக்கு வேற பாஷையில்? தானே தமிழ் படித்து, 1850களில் கால்வின் கட்டர் எழுதிய அமெரிக்கப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கினார். பெயர்: 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்'. உடற்கூறு, உடலியங்கியல், நலம் பேணல் மூன்றும் ஒரே புத்தகத்தில். தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம், அந்தக் காலத்து உரைநடையே அப்படித்தான்.

நடுவில் அமெரிக்கா போய்விட்டு 1862ல் திரும்பி வந்தவர், 1864லிருந்து வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். மொத்தம் அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள். மகப்பேறு, அறுவை, வேதியியல், மருந்தியல் என்று அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து கொண்டுவந்தது நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். அதில் ஒன்றுதான் 1872ல் வெளியான 'மனுஷ அங்காதிபாதம்'. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் தூக்கிச் சுமக்கும் கிரேயின் அனாடமிதான் அது. லண்டனில் மூலம் முதலில் வந்தது 1858ல். பதினாலே வருஷத்தில் தமிழுக்கு வந்துவிட்டது! இப்ப ஒரு மென்பொருள் புத்தகம் தமிழில் வர எத்தனை வருஷம் ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

இங்கே ஒரு கொசுறு. அந்தப் புத்தகத்தின் படங்களை வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். புத்தகம் வெளியான 1858லேயே அவர் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர் ஆராய்ந்து பூஞ்சைதான் காரணம் என்று எழுதிய நோய், மருத்துவ உலகம் 'மதுரைக் கால்' என்று பெயர் வைத்திருந்த ஒன்று. கரிசல் காட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்கு முள் குத்தின இடத்தில் வந்து, காலையே சிதைக்கிற வியாதி. 1996 வரை எங்க தேனியும் மதுரை மாவட்டம்தான், ஆக அந்தப் பெயரில் எங்களுக்கும் பங்கு உண்டு.

கிறீனின் மொழிபெயர்ப்பு முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார். கிடைக்கவில்லையா, சமஸ்கிருதம். அதிலும் இல்லையா, ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்குத் தக்க வளைத்துக்கொள்வார். இந்தக் கடைசி வழியில் வந்தது 'கெமிஸ்தம்', அதாவது கெமிஸ்ட்ரி. சிரிப்பு வருதா? எனக்கும் வந்துச்சு. ஆனால் நாங்க புரோகிராம் எழுதும்போது செய்வதும் இதுதானே. ஏற்கெனவே இருக்கிற லைப்ரரியில் தேடுவோம், இல்லைன்னா வெளியிலிருந்து எடுப்போம், அதுவும் இல்லைன்னா நாமே எழுதுவோம். வேலை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். தனித்தமிழா கலப்பா என்று சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த நாலாயிரம் பக்கம் வந்திருக்காது. அதோடு, படித்த தன் மாணவர்கள் கோட்டும் சூட்டுமாக வெள்ளைக்காரன் மாதிரி மாறுவதும் அவருக்குப் பிடிக்காது, தமிழராகவே இருக்கணும் என்பார். மதம் பரப்பத்தான் வந்தார், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஆட்கள் பலரை விட அவர் தெளிவு.

கணையத்துக்கு வருவோம். கிரேக்கத்தில் அதன் பெயருக்கு 'முழுக்கச் சதை' என்று பொருள். எலும்போ குருத்தெலும்போ இல்லாத வெறும் சதை என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் வைத்தது. இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் 'சதையி'. நாம் 'கணையம்' என்கிறோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசைத் தடுப்பு நமக்கு 'உதரவிதானம்', அவர்களுக்கு 'பிரிமென்றகடு'. ரெண்டுமே அழகு. அந்த சதையிக்குள் தீவு தீவாகச் செல்கள் இருப்பதை லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் கண்டது 1869ல். அவை சுரக்கும் இன்சுலினை டொராண்டோவில் பிரித்தெடுத்தது 1921ல். தமிழில் கிரே வந்தபோது அந்தத் தீவுகளுக்கு என்ன வேலை என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அறிவியல் முளைவிடும்போது தமிழும் கூடவே இருந்தது, அதைச் சொல்ல வந்தேன்.

அப்புறம் ஏன் நின்னுபோச்சு? 1870ல் கொழும்பில் ஆங்கில வழி மருத்துவப் பள்ளி தொடங்கியது. உத்தியோகம், சம்பளம், மரியாதை எல்லாம் அந்தப் பக்கம். கிறீன் உடல்நலம் கெட்டு 1873ல் ஊர் திரும்பினார். போன பிறகும் அங்கிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்த்து 1884ல் இறந்தார். அவர் கிளம்பிப் போன பிறகு தமிழ் வகுப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. இந்தியாவிலும் இதே கதைதான். கல்கத்தாவில் 1822லிருந்து உள்ளூர் மொழியில் வைத்தியம் சொல்லிக்கொடுத்த பள்ளியை 1835ல் மூடிவிட்டு ஆங்கிலக் கல்லூரி திறந்தார்கள். ஹைதராபாத் உஸ்மானியாவில் உருதுவில் மருத்துவம் படித்தார்கள், 1948க்குப் பிறகு அதுவும் போச்சு. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் மருத்துவப் பாடநூல்கள் வெளியிட்டு நாட்டுக்கே முன்னோடி என்று விழா எடுத்தார்கள். மூன்று பாடங்களில் ஒன்று உடற்கூறியல். மானிப்பாய் ஞாபகம் அந்த மேடையில் யாருக்கும் வந்திருக்க வாய்ப்பில்லை.

சொல் இல்லாமல் இது நிற்கவில்லை என்பதற்கு மண்ணீரலே சாட்சி. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். வீங்கும்போது நேராகக் கீழே இறங்காது, கீழே ஒரு சவ்வுக் கட்டு தாங்கிப் பிடிப்பதால் சரிவாகத் தொப்புளைப் பார்த்து நகரும். அதனால்தான் டாக்டர் வலது அடிவயிற்றிலிருந்து தொட்டுக்கொண்டே மேலே வருகிறார். 1840களில் யமுனைக் கால்வாய்க் கிராமங்களில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர், எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எண்ணியே எந்த ஊரில் எவ்வளவு காய்ச்சல் என்று கணக்கிட்டார். ஊசி இல்லை, மைக்ராஸ்கோப் இல்லை, வெறும் கைவிரல். 1887லிருந்து 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மேலே காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் கூலியாட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கு இன்றைக்குக் குடிக்கிற தண்ணி அது. அந்த வீக்கத்துக்குப் பழைய தமிழில் 'காய்ச்சற்கட்டி' என்று தனிப் பெயரே உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் பன்னிரண்டு எழுத்து இங்கிலீஷில் அடித்திருந்த சமாச்சாரம் அதேதான்.

உங்க ஊர் கறிக்கடையில் கணையத்துக்கு ஏதாவது பெயர் புழக்கத்தில் இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. பித்தப்பைக்கு, குடல்வாலுக்கு இருந்தாலும் சரி. சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.