பேர வாவி: ஒரு சொல் வழக்கு

கொழும்புத் தமிழ் மேடைகளில் இரண்டு சொல்லாராய்ச்சிகள் அடிக்கடி காதில் விழுகின்றன. மீன் வாவுவதால், அதாவது தாவுவதால், வாவி என்பது ஒன்று. 'பேரேரி' தேய்ந்து 'பேர' ஆயிற்று, ஆகவே பேர வாவி தனித்தமிழ்ப் பெயர் என்பது மற்றது. இரண்டுக்கும் கைதட்டு விழுகிறது.

மீன் தாவாத நீர்நிலை எது? குளத்திலும் கயத்திலும் அது தாவத்தான் செய்கிறது. பாபம் பாவமானதும் கபாடம் கவாடமானதும் எவ்வழியோ, அவ்வழியே வடமொழி வாபி வாவியாயிற்று. பிராகிருதத்திலேயே பகரம் வகரமாகிவிட்டது. தெலுங்கரும் கன்னடரும் 'பாவி' என்று கிணற்றைச் சொல்வர். குஜராத்தில் 'வாவ்' என்றால் படிக்கிணறு. பாட்டன் நகரத்து ராணி கி வாவ் உலகறிந்தது. சிங்களத்தில் 'வெவ' பெருங்குளம். நாமோ மட்டக்களப்பின் உவர்நீர்ப் பரப்பையும் வாவி என்கிறோம். அநுராதபுரத்தில் இன்னொரு வேடிக்கை: மகாவம்சம் சொல்லும் அபயவாபி இன்று சிங்களவர் வாயில் 'பசவக்குளம'. வாபி போய்க் குளம் வந்த இந்தக் கதையை மேடைக்காரர் ஏனோ தொடுவதில்லை.

வாபிக்கு அடி 'வப்', இறைத்தல், கொட்டுதல். மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பித் தேக்கிய நீர் என்றே கொள்கிறேன். பொய்கை இதற்கு மறுதலை. அது மனிதர் ஆக்காத நீர்நிலை என்பது நச்சினார்க்கினியர் துணிபு. ஆண்டாள் திருப்பாவையின் 14ஆம் பாட்டில் செங்கழுநீரைப் புழக்கடைத் தோட்டத்தில் பூக்க வைக்கிறாள். அங்கே அவள் வைத்தது வாவி, பொய்கையன்று. தோட்டத்து நீர் ஆக்கிய நீர்தானே!

கொழும்பின் பேர வாவியும் ஆக்கியதே. போர்த்துக்கேயர் கோட்டைக் காவலுக்காகத் தேக்கியது. தூர்த்துத் தூர்த்து இன்று சிறுத்துவிட்டது. அதன் தென்மேற்குத் துண்டில் பாலம் போட்ட தீவுப் பூங்கா, அன்னப் படகுகள், ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம்.

இனி 'பேர'. ஏரி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டவன் பின்னால் வாவியை ஏன் ஒட்டுவான்? பேரேரியின் ஈற்று 'ரி' எந்த விதியால் கெட்டது? நன்னூலில் தேடிச் சொல்லட்டும். டி பேர் என்ற ஒல்லாந்தப் பொறியாளன் பெயர் என்போர், 1700 என்று பொறித்த கல்லொன்றைச் சாட்சிக்கு அழைப்பர். கல்லில் பெயர் வெட்டியவனெல்லாம் நீருக்குப் பெயர் கொடுத்தவன் ஆவானா? போர்த்துக்கேய மொழியில் 'பெய்ரா' என்றால் கரை, ஓரம். போர்த்துக்கல்லின் பழைய மாகாணமொன்றுக்கும் அதுவே பெயர். தேக்கியவன் மொழியிலேயே சொல் கிடைக்கையில் ஒல்லாந்தனிடம் ஏன் போகவேண்டும்?

வாபியும் கரை கட்டியது, பெய்ராவும் கரை. பேர வாவி என்றால் கரைக்குளம். ஏட்டுச் சான்று கேட்பவர் கேட்கட்டும், எனக்கு இதில் ஐயமில்லை.